டீச்சர் வீட்டு எலுமிச்சைக்கு நான் பார்த்த வைத்தியம்

நம் நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் தோட்டக்கலை டிப்ளமோ முடித்தவர்கள். இலையைப் போனில் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிற செயலி உங்களிடம் இருக்கிறது. போன வாரம் நர்சரி வாசலில் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் எலுமிச்சை இலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாய் திறக்கும் முன்பே உங்களில் ஒருவர் "ஜிங்க் குறைபாடு" என்றார். இன்னொருவர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் உங்களைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு காலத்தில் அந்த வேகம் என்னிடமும் இருந்தது. உங்களுக்காவது செயலி இருக்கிறது, எனக்கு வெறும் திமிர்.

சர்க்கரை, பிரஷர், மனைவி மூவரும் கூடிப் பேசி ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடம் மதுரைக்காரர்களின் வீடுகளில் செடி வைத்தும், வைத்த செடிக்கு வைத்தியம் பார்த்தும் பிழைத்தவன் நான். பெருமையான கதைகள் நிறைய உண்டு. அவற்றை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இங்கே எழுதுவது ஒரு எலுமிச்சையின் முன்னால் நான் எப்பேர்ப்பட்ட மடையனாக நின்றேன் என்பதை. பெருமைக் கதைகளைக் கேட்டு யாரும் தொழில் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

முதலில் நம் வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் ஒரு வீட்டு எலுமிச்சை மஞ்சளானால் அந்தத் தெருவே வைத்தியராகிவிடும். மாடி வீட்டுக்காரர் புளித்த மோர் ஊற்றச் சொல்வார். எதிர்வீட்டு அம்மா மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து தானே ஊற்றிவிட்டுப் போவார். ஒருவர் இரும்புச் சத்து என்று சொல்லித் துருப்பிடித்த ஆணியை வேர்ப்பக்கம் புதைப்பார். அரை மூட்டை முட்டை ஓடு, ஆறிப்போன டீத்தூள், யூடியூபில் யாரோ ஆட்டிக் காட்டிய வாழைப்பழத் தோல் கரைசல், எல்லாம் ஒரே வாரத்தில் அந்தச் செடியின் தலையில் இறங்கும். செடிக்கு வாய் இருந்தால் போலீஸில் புகார் கொடுத்திருக்கும். கடைசியில் நம்மைக் கூப்பிடுவார்கள். நாமும் போய் நம் பங்குக்கு ஒன்றை ஊற்றிவிட்டு வருவோம். அவர்களுக்கும் நமக்கும் ஒரே வித்தியாசம், நாம் போக்குவரத்துச் செலவும் கேட்போம்.

எந்த இலை மஞ்சளானால் என்ன சத்து குறைவு, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. அது எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததுதான் வினை.

திருப்பரங்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் அந்த டீச்சர் வீடு. மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடத்துக்கு முந்தைய புரட்டாசிக் கடைசியில் கூப்பிட்டார். போனேன். வாசல் கேட்டைத் திறந்ததும் வலது பக்கம் காம்பவுண்டை ஒட்டி எலுமிச்சை. நெஞ்சு உயரம்கூட இல்லை. சின்னச் சின்ன இலை, எல்லாம் சோகை பிடித்த மஞ்சள். இடுப்பில் சேலைக் கிழிசலால் ஒரு கம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"நீங்கதான தம்பி வந்து வச்சீங்க, நாலு வருஷத்துக்கு முன்னாடி" என்றார் டீச்சர்.

"அதான் டீச்சர் இன்னும் உசுரோட இருக்கு" என்றேன். இந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும். ஒன்றிரண்டு முறை அறைந்தும் இருக்கிறேன்.

"சிரிக்காதீங்க தம்பி. என் மகன் சாம் பெங்களூருல இருக்கான்ல, கார் வாங்கியிருக்கான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது இந்த எடத்துல போர்டிகோ போடணுங்குறான். வீட்டச் சுத்தி எல்லாத்துலயும் சிமெண்டப் போட்டுட்டான். எனக்குன்னு மிச்சம் இருக்குறது இந்த நாலடி மண்ணுதான். மஞ்சக் குச்சிக்காக காரை வெயில்ல நிறுத்தணுமாம்மான்னு கேக்குறான். நானும் ரோஷத்துல சொல்லிட்டேன். நீ வரும்போது இது பச்சையா இருந்தா மரம் இருக்கும், இல்லேன்னா நீயே வெட்டிக்கன்னு."

"இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கிறீங்க. என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுமே, அது. வீணாப் போக வேணாமேன்னு பக்கெட்ல பிடிச்சு ஊத்துறேன்."

எனக்கு வேட்டையில் மான் கிடைத்ததுபோல் இருந்தது. "டீச்சர், போர் தண்ணியில இருக்குற உப்பை எல்லாம் நீங்க குடிக்க மாட்டேன்னு ஒதுக்கி, அம்புட்டையும் சேர்த்து இதுக்குக் குடுத்திருக்கீங்க. பிறகு இது மஞ்சளாகாம என்ன செய்யும்? அதை நிறுத்துங்க. ஒரே மாசம், பச்சைப் பசேல்னு ஆயிரும்."

"ஒரு மாசமா? நிச்சயமா?"

"எழுதிக் குடுக்கவா?"

"அப்புறம் இன்னொண்ணு தம்பி. காத்தடிச்சா இது சாயுது. அதான் கம்பு கட்டியிருக்கேன்."

"கட்டுனது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மொத்தம் ஐந்து நிமிடம். நான் மரத்தைத் தொடவில்லை. குனியவில்லை. ஒரு இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. டீச்சர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியில்தான் நோய் முழுக்க இருந்தது. நாம் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலைவிட, நாம் கேட்காதபோது அவர்களாகச் சொல்லும் வார்த்தைக்குத்தான் காது வேண்டும். எனக்கு அன்றைக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

மறுவாரத்திலிருந்து ஐப்பசி மழை பிடித்தது. நல்ல மழை. உப்புத்தண்ணீர் குடித்துக் கெட்டுப்போன மற்ற வீட்டு எலுமிச்சைகள் எல்லாம் மழையில் மண் கழுவப்பட்டு, துளிர் விட்டு நின்றன. டீச்சர் வீட்டு எலுமிச்சை மட்டும் மழையில் நனைந்த மஞ்சளாக நின்றது. நாற்பது பிள்ளைகளுக்கு அட்டென்டன்ஸ் எடுத்துப் பழகியவர் டீச்சர். தினமும் காலையில் விழுந்த இலைகளை எண்ணிவிட்டு எனக்குப் போன் செய்வார்.

"குட் மார்னிங் தம்பி. இன்னைக்கு ஒம்போது."

மறுநாள், "குட் மார்னிங் தம்பி. பதினாலு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் பல் துலக்கும்போதே வியர்த்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யவேண்டியது, திரும்பப் போய், உட்கார்ந்து, "நான் சொன்னது தப்போ" என்று யோசிப்பது. நான் கோரிப்பாளையத்துக்குப் போனேன். அங்கே காதர் பாய் உரக்கடை வைத்திருந்தார். இருபது வருடப் பழக்கம், மாமன் மச்சான் முறை சொல்லித்தான் பேசிக்கொள்வோம். பெரஸ் சல்பேட், ஜிங்க், எப்சம் உப்பு, யூரியா, போதாததற்கு நுண்ணூட்டக் கலவை என்று அடுக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன ஏக்கரு மாப்ள?"

"ஒரு மரம்."

"ஒரு மரமா? என்ன சீக்கு?"

"மஞ்சளா இருக்கு."

"மஞ்சளா இருக்குறது சீக்கு இல்ல மாப்ள, அது காய்ச்சல் மாதிரி. எதுனாலன்னு கேட்டேன்."

"அது தெரிஞ்சா ஒண்ணு வாங்க மாட்டனா? தெரியாமத்தான அஞ்சு வாங்குறேன்."

பாய் தாடியைத் தடவினார். "பார்த்து ஊத்து. மவுத்தாக்கிட்டு வந்து என் சரக்கு மேல பழியப் போடாத."

அவர் கடைக்காரர். விற்றால் லாபம். அவரே வேண்டாம் என்கிறார், நான் பிடுங்கிக்கொண்டு வருகிறேன். அந்த மதியமே எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலக்கினேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் இலையில் அடிக்கக்கூடாது என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வரை காத்திருக்கப் பயம். மறுநாள் காலை போன் வருவதற்குள் மரம் பச்சையாகிவிட வேண்டும் என்ற வெறி. அடித்தேன். வேருக்கும் ஊற்றினேன். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் காப்பி அடிக்கிற பிள்ளையை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, மஞ்சளாக இருந்த இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகிவிட்டது.

"குட் மார்னிங் தம்பி. நாப்பத்தி மூணு. இப்ப கலரு மாறியிருக்கு, ஆனா பச்சை இல்ல."

பயந்தவன் கை சும்மா இருக்காது. ஒரு வாரத்தில் வேப்பம் புண்ணாக்கு போட்டேன், போட்டதை எடுத்தேன். தண்ணீரை நிறுத்தச் சொன்னேன், ஊற்றச் சொன்னேன். வாடிப்பட்டியில் ஒரு தோப்புக்காரருக்குப் போன் போட்டு, யாருடைய மரத்துக்கோ கேட்பதுபோல் கேட்டேன். அவர் "மரத்தப் பாக்காம என்னத்தச் சொல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தெரியாதவன் மழுப்புகிறான் என்று நினைத்தேன். மரத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்ற ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கார்த்திகை முடிவதற்குள் சாமே என்னைக் கூப்பிட்டார். குரலில் நல்ல மரியாதை.

"அங்கிள், நான் சாம் பேசுறேன். அம்மா தினமும் இலை எண்ணிக்கிட்டு இருக்காங்க. எனக்கே பாவமா இருக்கு. நான் கிறிஸ்துமஸுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை வாரேன். திங்கக்கிழமை கொத்தனார் வாராரு. நீங்க இனிமே எதுவும் ஊத்த வேணாம் அங்கிள், ப்ளீஸ்."

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. மரம் போவதைவிட அந்த அங்கிள்தான் அன்றைக்கு அதிகமாகக் குத்தியது. அதிலிருந்தே நான் எந்தத் தரத்து மனிதன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பயமும் ரோஷமும் சேர்ந்தால் மூளை வேகமாக வேலை செய்யும், தவறான திசையில். நர்சரியில் பெரிய பையில் வளர்த்துவைத்த எலுமிச்சை ஒன்று இருந்தது. அதே உயரம், கரும்பச்சை இலை, உச்சியில் இளந்துளிர். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குச் சர்ச்சுக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் திரும்புவார். நான் வந்து தண்ணீர் ஊற்றுவதற்காகக் கேட்டைப் பூட்டாமல் கொண்டியை மட்டும் போட்டுவிட்டுப் போவார். என் திட்டம் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சீக்கு மரத்தைப் பிடுங்கிவிட்டு, பச்சை மரத்தை நட்டு, அதே கம்பை அதே சேலைக் கிழிசலால் கட்டிவிடுவது. மகன் வருவார், பச்சையைப் பார்ப்பார், அம்மா ஜெயிப்பார், எனக்கு மாலை.

நம்ம பேச்சியை உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் பை நிரப்பும் கொட்டகையில் உங்களை அதட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். குட்டியானை வண்டியில் பச்சை மரத்தையும் கடப்பாரையையும் ஏற்றிக்கொண்டு அவரையும் கூட்டிப்போனேன். சாம் வருவதாகச் சொன்ன அதே ஞாயிறு, அவர் எப்படியும் மதியத்துக்கு மேல்தான் வந்து சேருவார் என்ற நினைப்பில் ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தோம்.

"டீச்சரம்மா இல்லையாண்ணே?"

"சர்ச்சுக்குப் போயிருக்காங்க."

"அவுக இல்லாதப்ப எதுக்கு வந்திருக்கோம்?"

"வந்த வேலையப் பாரு பேச்சி."

நான்கு வருட மரம், வேர் எங்கெங்கோ ஓடியிருக்கும், தோண்ட ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பேச்சி கம்பை அவிழ்த்துவிட்டு, முள் குத்தாமல் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். மரம் அடியோடு ஆடியது. பல் ஆடுவதுபோல.

"என்னண்ணே இது, மண்ணுலதான் இருக்கா?"

கடப்பாரையால் சுற்றிலும் ஒரு ஜாண் ஆழத்துக்குக் கிளறினோம். கறுப்பாக ஏதோ தெரிந்தது. பேச்சி கையால் மண்ணை ஒதுக்கினார். பிளாஸ்டிக். நாம் கன்று விற்கும் கறுப்புப் பை. கன்று விற்ற அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே முழுசாக, மண்ணுக்குள்.

உங்களுக்கு விளக்க வேண்டும். நம் பையில் இருப்பது மணல் கலந்த செம்மண். பையைக் கிழித்தால் மண்கட்டி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் கன்று ஒரு வாரம் வாடும். வாடினால் வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்துவார். அதனால் நம் தொழிலில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பைக்கு அடியில் பிளேடால் இரண்டு கீறு கீறிவிட்டு, பையோடு சேர்த்துக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவது. கன்று வாடவே வாடாது. முதல் மாதம் வாடிக்கையாளர் நம்மைப் புகழ்ந்து தள்ளுவார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த வேர் பைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். அதற்குள் பழி தண்ணீர் மேலேயோ, மண் மேலேயோ, அந்த வீட்டுக்காரர் கை மேலேயோ போயிருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து வீட்டில் நட்டவன் நான். ஒவ்வொரு வீட்டிலும் பையைக் கிழித்து, வேரை விரித்து, நிதானமாக நட எனக்கு நேரம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

"யாருண்ணே இத நட்டது? கூறுகெட்ட பயலா இருப்பான் போல."

பேச்சி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு விரல் தடிமனில் ஒரே ஒரு வேர் கீறல் வழியாக வெளியே வந்து மண்ணைப் பிடித்திருந்தது. அந்த ஒற்றை வேரால்தான் நான்கு வருடம் பிழைத்திருக்கிறது. அதை வெட்டியதும், மரத்தை நான் ஒரு கையால் வெளியே தூக்கிவிட்டேன். பையைக் கிழித்தால் உள்ளே மண்ணே இல்லாததுபோல் வேர் சுருண்டு, பையின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. நான் ஊற்றிய ஐந்து மருந்தும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். மூச்சுத் திணறுகிறவன் வாயில் நான் விருந்துச் சாப்பாட்டைத் திணித்திருக்கிறேன்.

மணி ஒன்பதரை. குழி தயாராக இருக்கிறது. பச்சை மரம் பக்கத்தில் நிற்கிறது.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. அத எறக்கவா, வேணாமா?"

இறக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். இறக்கிவிட்டால் தோற்பவர் ஒருவரும் இல்லை, அந்த மஞ்சள் குச்சியைத் தவிர. அது நர்சரிக் குப்பையில் கிடக்கும், பையும் அதோடு போகும், நான் செய்ததற்குத் தடயமே இருக்காது. ஆனால் தினம் விழுந்த இலையை எண்ணுகிறவருக்கு, மரத்தில் மிச்சம் இருந்த இலை எத்தனை என்றும் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தாலே கண்டுபிடிக்கிறவர், பிள்ளையையே மாற்றினால் விடுவாரா? நான் நிறுத்திக்கொண்டது இதனால்தான். நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். இரண்டு மாதமாக என்னைத் தவறாகவே ஓட்டிய பயம், அன்றைக்கு ஒருமுறை சரியான பக்கம் தள்ளியது.

"வேணாம். ஈரச் சாக்கு எடு" என்றேன்.

வேரைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோதே வாசலில் கார் நின்றது. பதினொன்று ஆகவில்லை. பெங்களூரிலிருந்து விடியலில் வந்து சேர்ந்த சாம், அம்மாவைச் சர்ச்சில் விட்டு, முதல் ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாக டீச்சர் இறங்கினார். என் மடியில் அவர் மரம். பக்கத்தில் குழி. அந்தப் பக்கம் பச்சையாக இன்னொரு மரம்.

"என்ன தம்பி இது?"

பையை எடுத்து நீட்டினேன். "டீச்சர், உங்க தண்ணி மேலயும் தப்பு இருந்துச்சு. ஆனா இது செத்துக்கிட்டு இருந்ததுக்குக் காரணம் நான். நாலு வருஷத்துக்கு முன்னாடி பையோட வச்சிட்டேன். அவசரத்துல."

டீச்சர் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல. சாம் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப நாலு வருஷமா இது தரையிலயே இல்லையா அங்கிள்? தொட்டியில இருந்த மாதிரியா?"

"அதவிட மோசம். தொட்டிக்காவது ஓட்டை பெருசா இருக்கும்."

"சரி, எடுத்தாச்சுல்ல. விடுங்க. கொத்தனாருக்கு ஒரு வேலை மிச்சம்." அவர் பச்சை மரத்தைப் பார்த்தார். "இது நல்லா இருக்கே. இது எதுக்கு?"

"அது..." என்றேன். பேச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துணைக்குக் கொண்டுவந்தேன், காட்டுவதற்குக் கொண்டுவந்தேன் என்று நான்கு பொய் தொண்டை வரை வந்தன. டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"நீங்க வர்றதுக்குள்ள இத அந்த எடத்துல வச்சிட்டுப் போயிரலாம்னு கொண்டாந்தேன் டீச்சர்."

டீச்சர் பையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"பரீட்சையில ஆள் மாறாட்டம் பண்ணுனா மறுபடி எழுதவே விட மாட்டோம். தெரியுமா தம்பி?"

"தெரியும் டீச்சர்."

சாம் சிரித்துவிட்டார். "அம்மா, அவரே கொண்டாந்துட்டாருல்ல. அத வேணும்னா ஒரு தொட்டியில மாடியில வைப்போம். இந்த மஞ்சக் குச்சி பொழைக்கவா போகுது?"

டீச்சர் என்னிடம் திரும்பினார். "பொழைக்குமா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்கவா என்று கேட்ட அதே வாய். இந்த முறை அதைத் திறப்பதற்கு முன் வேரைப் பார்த்தேன். சுருண்டு கிடந்தாலும் நுனியில் வெள்ளையாக உயிர் இருந்தது. தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை.

"தெரியலை டீச்சர்" என்றேன். அதுவரை பார்த்த இருபத்தோரு வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சுத்துன வேரை வெட்டணும். கிளையில பாதியக் கழிக்கணும். இப்ப இருக்குறதவிடக் கேவலமா நிக்கும். மருந்து ஒண்ணும் ஊத்தக்கூடாது, நல்ல தண்ணி மட்டும். மாசி வரைக்கும் பொறுக்கணும். அப்புறமும் வராமப் போகலாம். ஆனா நெசமான மண்ணுல இது இன்னும் ஒரு நாள்கூட இருந்ததில்ல. அதான் ஒரு நம்பிக்கை."

"வெட்டுறதா இருந்தா கடப்பாரை வேணும், மிஷினு வேணும்னியே சாம்" என்றார் டீச்சர். "இவரு ஒத்தக் கையில தூக்கி வச்சிருக்காரு. எங்க வேணாலும் கொண்டு போலாம். நாளைக்குக் கொத்தனார் வந்ததும் முதல்ல பின்னாடி போச் சொல்லு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல நாலடிக்கு நாலடி சிமெண்ட ஒடைக்கட்டும். பிறகு இங்க வந்து உன் காருக்குக் கட்டட்டும்."

"போன வருஷம்தானம்மா அங்க சிமெண்ட் போட்டோம்?"

"போட்டது நீ. ஒடைக்கிறதும் நீயே ஒடச்சா எனக்கு இன்னும் சந்தோசம்."

மறுநாள் கொத்தனாரோடு சேர்ந்து சாமும் சம்மட்டி அடித்தார். ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்து என்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். அங்கிள் அன்றைக்கு அண்ணனானேன். உடைத்த இடத்தில் கிடந்த இடிபாட்டை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு நல்ல மண் நிரப்பினோம். சுற்றிய வேரையும் கிளைகளையும் கழித்து, மிஞ்சிய மொட்டைக் குச்சியை அதில் நட்டேன். டீச்சர் குழிக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு, கடைசிப் பிடி மண் விழுகிறவரை நின்றார்.

அதன் பிறகு போன் வரவில்லை. எண்ணுவதற்கு இலை இல்லை. மார்கழி முழுக்க, தை முழுக்க அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். மாசியில் ஒருநாள் காலை போன் வந்தது.

"குட் மார்னிங் தம்பி. மூணு."

"விழுந்துருச்சா டீச்சர்?"

"வந்திருக்கு."

அந்த மரம் பிழைத்தது. இப்போது அந்த வீட்டில் துணி காயப்போட இடமில்லை என்று சாம் குறைபட்டுக்கொள்கிறார். அதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். டீச்சர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் செய்தது வேறு. தன்னோடு வேலை பார்த்த டீச்சர்கள், சர்ச்சுப் பெண்கள், தெருக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். "கன்னு அவருகிட்டயே வாங்குங்க. நடும்போது மட்டும் பக்கத்துல நில்லுங்க."

வந்தார்கள். முன்னைவிட அதிகமாக வந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை மதுரையில் எந்த வீட்டில் கன்று நட்டாலும், என் தலைக்கு மேலே ஒரு அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பையக் கிழிச்சாச்சா? காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழித்த பையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மண் தள்ள விட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு ஐந்தாகக் குறைந்தது. நட்டது எதுவும் மஞ்சளாகவில்லை.

நாளை முதல் நீங்கள் போகும் வீடுகளிலும் அவர்கள் நிற்பார்கள். எரிச்சல் படாதீர்கள். உங்களை நம்பாமல் நிற்கவில்லை, உங்களை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நம்பாதது என்னை. குனிந்து, பையைக் கிழித்து, அவர்கள் கேட்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.